டேங்கர் லாரியின் பின்னால் ஒரு சொல்
வெம்பக்கோட்டையில் ஆங்கிலம் சொல்லித்தரத் தொடங்கியிருக்கும் இளம் ஆசிரியைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள டீச்சருக்கு,



சாத்தூரிலிருந்து வெம்பக்கோட்டைக்குப் போகும் பஸ்ஸுக்கு முன்னால் பெட்ரோல் டேங்கர் லாரி ஒன்று போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் இரண்டு ஆங்கிலச் சொற்கள் இருக்கும்: 'ஹைலி இன்ஃப்ளேமபிள்'. ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் ஏழாம் வகுப்புப் பிள்ளை அதை எழுத்துக்கூட்டிப் படிக்கிறது. எதிர்ச்சொல் பாடம் இப்போதுதான் முடிந்திருக்கிறது. 'கரெக்ட்' என்ற சொல்லின் முன்னால் 'இன்' வந்தால் தவறானது. 'விசிபிள்' முன்னால் வந்தால் கண்ணுக்குத் தெரியாதது. அப்படியானால் 'இன்ஃப்ளேமபிள்' என்றால் தீப்பிடிக்காதது என்று பிள்ளை முடிவு செய்கிறது. வகுப்பில் சொன்ன விதியை அது சரியாகத்தான் பயன்படுத்தியிருக்கிறது. வந்த விடைதான் நேர் எதிர்.

ஆங்கிலத்துக்கு லத்தீனிலிருந்து வந்த 'இன்' இரண்டு. ஒன்று 'இல்லை' என்று மறுக்கும். மற்றொன்று 'உள்ளே' என்று பொருள் தரும், செயலுக்கு வேகமும் கூட்டும். டேங்கரில் இருப்பது இரண்டாவது. 'தீ மூட்டு' என்ற லத்தீன் வினையிலிருந்து பிறந்த சொல் அது. எளிதில் தீப்பற்றக்கூடியது என்பதே பொருள். இந்தக் குழப்பம் உயிரை வாங்கிவிடும் என்று அஞ்சித்தான் அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் 1920களிலிருந்து 'இன்' இல்லாமல் 'ஃப்ளேமபிள்' என்றே எழுதும்படி வலியுறுத்தியது. அதனால் முன்னொட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே பொருள் தரும் விசித்திரமான இணை ஆங்கிலத்தில் நிலைத்துவிட்டது.

வேறு ஊரில் இது வினாடிவினாவுக்கான துணுக்கு. வெம்பக்கோட்டை வட்டத்தில் அப்படி இல்லை. தாயில்பட்டி, ஏழாயிரம்பண்ணை, விஜயகரிசல்குளம் என்று எந்த ஊர்ப் பிள்ளையைக் கேட்டாலும் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போகிறவர் ஒருவர் இருப்பார். மற்ற ஊர்களில் மருந்து என்றால் நோய் தீர்ப்பது. இங்கே மருந்து என்றால் முதலில் நினைவுக்கு வருவது வெடிப்பது. இந்தப் பிள்ளைகளில் சிலர் நாளை ஃபோர்மேன் ஆவார்கள், வேதியியல் படிப்பார்கள், லேபிள் அச்சிடுவார்கள், பாதுகாப்பு அறிவிப்புகளைப் படித்துக் காட்டுவார்கள். அவர்கள் கைக்கு வரப்போகும் ஆங்கிலச் சொற்கள் எல்லாமே நீளமானவை. அவற்றை மனப்பாடம் செய்யாமல் பிரித்துப் பார்க்கப் பழக்குவதுதான் உங்கள் வேலையின் மையம். இந்தக் கடிதம் அதைப் பற்றியது.

சொல்லுக்கும் தீக்கும் உள்ள தொடர்பைக் கண்டு எழுதிய ஒருவர் மொழியியல் வரலாற்றில் இருக்கிறார். பெஞ்சமின் லீ வொர்ஃப் (1897–1941) அமெரிக்காவில் ஒரு தீ விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தின் பொறியாளர். மீதி நேரத்தில் அமெரிக்கப் பழங்குடி மொழிகளை ஆராய்ந்தவர். விபத்து அறிக்கைகளைப் படிக்கப் படிக்க ஒன்று அவர் கண்ணில் பட்டது. பெட்ரோல் நிரம்பிய டிரம்கள் பக்கத்தில் தொழிலாளர்கள் கவனமாக இருக்கிறார்கள். 'காலி' டிரம்கள் பக்கத்தில் சிகரெட் பிடிக்கிறார்கள். ஆவி நிறைந்த காலி டிரம்தான் அதிகம் ஆபத்தானது. 'காலி' என்ற சொல் அந்த ஆபத்தை மறைத்துவிட்டது. பட்டாசுத் தொழில் சூழ்ந்த ஊரில் பாடம் நடத்தும் ஆசிரியருக்கு வொர்ஃப் தூரத்து உறவு மாதிரி.

நீளச் சொல்லைப் பிரிக்க மூன்று வழிகள் உண்டு. எந்த உறுப்புகளால் ஆனது என்று பார்ப்பது முதல் வழி. எத்தனை அசை என்று எண்ணுவது இரண்டாவது. எந்த அசையில் அழுத்தம் விழுகிறது என்று கேட்பது மூன்றாவது. மூன்றும் ஒன்றல்ல, ஒன்றின் வெட்டு மற்றொன்றின் வெட்டோடு எப்போதும் பொருந்தாது. ஆனால் மூன்றுக்குமான பயிற்சி தமிழ் வகுப்பிலேயே பிள்ளைகளுக்குக் கிடைத்திருக்கிறது. ஆங்கில வகுப்பில் அதை யாரும் ஞாபகப்படுத்துவதில்லை என்பதுதான் குறை.

முதலில் உறுப்புகள். பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்று நன்னூல் சொல்லும் ஆறு உறுப்புகளைத் தமிழையா கரும்பலகையில் எழுதிப் போட்டிருப்பார். 'வந்தான்' என்பதில் 'வா' குறுகி 'வ' ஆனது விகாரம் என்று எழுதி மதிப்பெண் வாங்கும் பிள்ளைக்கு, ஆங்கிலத்தின் மறுப்பு 'இன்' ஏன் 'பாசிபிள்' முன்னால் 'இம்' ஆகிறது, 'ரெகுலர்' முன்னால் 'இர்' ஆகிறது, 'லீகல்' முன்னால் 'இல்' ஆகிறது என்பது புதிராகவே இருக்காது. 'மரம்' என்பதோடு 'கள்' சேர்ந்தால் மகரம் ஙகரமாகி 'மரங்கள்' ஆகிறது. அடுத்து வரும் ஒலிக்கு வாய் முன்கூட்டியே தயாராவதால் நடப்பது அது. இங்கே நடப்பதும் அதேதான். இதை ஆங்கிலப் பாடநூலின் விதிவிலக்குப் பட்டியலாகக் கொடுத்தால் பிள்ளை மறந்துவிடும். மரங்களைக் காட்டிச் சொன்னால் மறக்காது.

பட்டாசுப் பெட்டியின் லேபிளையே பாடமாக வைக்கலாம். சிவகாசியில் அச்சாகும் லேபிள் எதை எடுத்தாலும் 'மேனுஃபேக்சர்டு' என்ற சொல் இருக்கும். 'மேனு' என்பது லத்தீனில் கை, மீதி, 'செய்தல்'. கையால் செய்தது என்பதே அதன் பிறப்புப் பொருள். உலகத்தில் பெரும்பாலான ஆலைகளில் இந்தச் சொல் தன் கையை இழந்துவிட்டது. திரி வைப்பதும், குழாயில் மருந்து அடைப்பதும், கம்பி மத்தாப்பைத் தோய்த்து எடுப்பதும் பெரும்பாலும் கையாலேயே நடக்கும் இந்த வட்டாரத்தில், அது இன்னும் தன் முதல் பொருளோடு உயிருடன் இருக்கிறது. அம்மாவின் கையைப் பார்த்த பிள்ளைக்கு இந்தச் சொல் ஒட்டிக்கொள்ளும்.

'எக்ஸ்ப்ளோட்' என்ற சொல்லுக்குள் ஒரு நாடகக் கொட்டகையே இருக்கிறது. 'எக்ஸ்' என்றால் வெளியே, மீதி, கைதட்டுதல். மோசமாக நடித்தவரைக் கைதட்டிக் கூச்சலிட்டு மேடையை விட்டு விரட்டுவதைத்தான் ரோமானியர்கள் அந்த வினையால் குறித்தார்கள். பாராட்டுவதைக் குறிக்கும் 'அப்ளாட்' அதன் உடன்பிறப்பு. பெரும் சத்தத்தோடு வெளியே தள்ளுதல் என்ற கருத்து, பல நூற்றாண்டுகள் கழித்து வெடிப்புக்கு வந்து சேர்ந்தது. ஆலைகளுக்கு உரிமம் தரும் 'பெசோ'வின் முழுப்பெயரை ஒருநாள் பலகையில் எழுதுங்கள்: பெட்ரோலியம் அண்ட் எக்ஸ்ப்ளோசிவ்ஸ் சேஃப்டி ஆர்கனைசேஷன். பெட்ரோலியம் என்பது பாறையும் எண்ணெயும் சேர்ந்த கூட்டு. ஒரே பெயர்ப் பலகையில் நான்கு பாடங்கள் இருக்கின்றன.

விகுதியின் அருமை தெரிய வேதியியலுக்குப் போக வேண்டும். 1787இல் பாரிசில் வேதியியலாளர்கள் லவாய்சியேவும் கிட்டோன் தெ மோர்வோவும் அவர்களுடைய நண்பர்களும் வேதிப்பொருள்களுக்கு முறையான பெயரிடும் திட்டத்தை வெளியிட்டார்கள். இன்று நாம் பயன்படுத்தும் '-ஏட்', '-ஐட்' வரிசையின் வேர் அங்கே இருக்கிறது. பொட்டாசியம் குளோரைடு வயலுக்குப் போடும் பொட்டாஷ் உரம். பொட்டாசியம் குளோரேட் தீப்பெட்டிக் குச்சியின் தலையில் இருப்பது. கந்தகத்தோடு கலந்தால் சிறு உராய்விலேயே பற்றிக்கொள்ளும். அந்தக் கலவையைப் பட்டாசில் பயன்படுத்த இந்திய அரசு 1992இலேயே தடை விதித்தது. உரத்துக்கும் வெடிமருந்துக்கும் நடுவில் நிற்பது ஒரே ஒரு விகுதி. நைட்ரேட், நைட்ரைட், நைட்ரைடு மூன்றும் மூன்று பொருள்கள். இவற்றைச் சொல்லும்போது கடைசி அசையை விழுங்கக் கூடாது என்று வகுப்பில் கண்டிப்பாக இருங்கள். அழுத்தம் முதல் அசையில் இருந்தாலும் பொருளைக் காட்டுவது கடைசி அசை.

அடுத்து அசை. தொல்காப்பியச் செய்யுளியல் காலத்திலிருந்து தமிழுக்குத் தெரிந்த அளவு இது. குறளை அலகிட்டு வாய்பாடு எழுதும் பிள்ளை, ஒலியைத் துண்டு துண்டாகக் கேட்கப் பழகிய பிள்ளை. ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை வேண்டும். 'வெடி' என்ற சொல்லைத் தமிழ் யாப்பு ஒரே நிரையசையாகக் கொள்ளும். ஆங்கிலக் கணக்கில் அது இரண்டு அசை. ஆங்கிலத்தில் உயிரொலிக்கு ஓர் அசை என்று எண்ணினால் பெரும்பாலும் போதும். நேர், நிரை பிரித்த காது உதவும். நேர், நிரையின் எண்ணிக்கை உதவாது.

இன்னொரு சிக்கல் தமிழ் எழுத்தில் இருக்கிறது. தமிழ்ச்சொல் மெய்க்கூட்டத்தோடு தொடங்காது, மெய்க்கூட்டத்தோடு முடியவும் முடியாது. ஆகவே கண்ணாடியைக் குறிக்கும் ஓரசை ஆங்கிலச் சொல் நம் வாயில் 'கிளாஸ்' என்று இரண்டு அசை ஆகிறது. பள்ளிக்கூடத்துக்கான ஓரசைச் சொல் 'இஸ்கூல்' என்று இரண்டாகிறது. சினிமாச் சுருளுக்கான ஓரசைச் சொல் 'பிலிம்' ஆகிறது. இது தமிழ் வாயின் இயல்பு. பிள்ளையைக் கேலி செய்ய இதில் ஒன்றும் இல்லை. ஆனால் ஆங்கிலச் சொல்லின் உச்சரிப்பைப் பலகையில் தமிழில் எழுதிப் போடும்போது இந்தக் கூடுதல் உயிர் ஒட்டிக்கொண்டு வருகிறது என்பதை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். தமிழில் எழுதுங்கள், உதவியாக இருக்கும். எழுதிய பிறகு வாயால் சொல்லிக் காட்டி அந்த உயிரை எடுத்துவிடுங்கள்.

அசை எண்ண எளிய வழி, மோவாய்க்குக் கீழே கையை வைத்துச் சொல்லைச் சொல்வது. ஒவ்வொரு உயிரொலிக்கும் தாடை ஒருமுறை இறங்கும். கடைசி பெஞ்சுப் பிள்ளைகூட இதைச் செய்யும். 'சேஃப்டி' இரண்டு, 'நைட்ரேட்' இரண்டு, 'பெட்ரோலியம்' நான்கு, 'ஆர்கனைசேஷன்' ஐந்து.

அழுத்தம்தான் கடினம். ஏனென்றால் தமிழில் அழுத்தம் பொருளை மாற்றாது. எந்த அசையைத் தூக்கிச் சொன்னாலும் 'பட்டாசு' பட்டாசுதான். ஆங்கிலத்தில் அப்படி இல்லை. படம் என்ற 'ஃபோ-ட-கிராஃப்' முதல் அசையில் எழுகிறது. படமெடுப்பவர் 'ஃப-டாக்-ர-ஃபர்' ஆகும்போது அழுத்தம் இரண்டாம் அசைக்குப் போகிறது. படம் தொடர்பான என்ற 'ஃபோ-ட-கிரா-ஃபிக்'கில் மூன்றாம் அசைக்கு நகர்கிறது. அழுத்தம் நகர்ந்ததும் மற்ற உயிர்கள் சுருங்கிவிடுகின்றன. முதலில் முழுசாக இருந்த 'ஃபோ' அடுத்த சொல்லில் 'ஃப' என்று தேய்கிறது. ஆங்கிலத்தில் அதிகமாக ஒலிக்கும் உயிரொலி இந்தத் தேய்ந்த ஒலிதான்; அதற்கென்று ஓர் எழுத்துகூட இல்லை.

சுருங்கும் உயிர் தமிழ்ப் பிள்ளைக்குப் புதிதா? 'பசு' என்பதன் கடைசி உகரத்தையும் 'பட்டாசு' என்பதன் கடைசி உகரத்தையும் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். பசுவில் அது முழு மாத்திரை. பட்டாசில் அரை மாத்திரை, குற்றியலுகரம். எழுத்து ஒன்றுதான், இடம் மாறியதால் ஒலி குறைந்தது. ஐகாரக்குறுக்கமும் அப்படியே: சொல்லின் முதலில் ஒன்றரை மாத்திரை, இடையிலும் கடையிலும் ஒரு மாத்திரை. இருக்கும் இடத்தைப் பொறுத்து உயிர் குறையும் என்பதைத் தமிழ் இலக்கணம் கவனித்து, பெயர் வைத்து, அளந்தும் சொல்லியிருக்கிறது. ஆங்கிலத்தில் சுருக்கத்தைத் தீர்மானிப்பது அழுத்தம். தமிழில் சொல்லின் அமைப்பு. வேறுபாட்டையும் சேர்த்தே சொல்லிக்கொடுங்கள். ஆனால் தொடங்கும் இடம் குற்றியலுகரமாக இருக்கட்டும்.

அழுத்தம் எங்கே விழும் என்பதைச் சொல்லின் வால் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். நீளச் சொற்களில் நல்ல செய்தி இதுதான்: குட்டிச் சொற்களைவிட நீண்ட சொற்கள் ஒழுங்கானவை.

'-இக்' என்று முடிந்தால் அதற்கு முந்தைய அசையில் அழுத்தம். தீபாவளிக்கு வெடிக்கும் ஆட்டம்பாமின் 'ஆட்டம்' முதல் அசையில் எழுகிறது. 'அடாமிக்' ஆனதும் 'டா'வுக்கு நகர்கிறது. 'மெட்டல்' முதல் அசையில். 'மெடாலிக்' இரண்டாம் அசையில். ஈரத்தை இழுக்கும் மருந்துக்குச் சொல்லும் 'ஹைக்ரஸ்கோபிக்'கில் 'ஸ்கோ'வில். '-ஷன்' என்று முடிந்தாலும் அதற்கு முந்தைய அசைதான்: 'எக்ஸ்ப்ளோஷன்', 'எக்சாமினேஷன்', 'ரெகுலேஷன்'. '-இட்டி'யும் அதே கட்சி: 'எலெக்ட்ரிக்'கில் இரண்டாம் அசையில் இருந்த அழுத்தம் 'எலெக்ட்ரிசிட்டி'யில் 'ட்ரி'க்குப் போகிறது. 'இன்ஃப்ளேமபிள்' இரண்டாம் அசையில் எழும்; 'இன்ஃப்ளேமபிலிட்டி' ஆனால் 'பி'யில்.

சில விகுதிகள் தாமே அழுத்தத்தை வாங்கிக்கொள்ளும்: 'எஞ்சினியர்', 'வாலன்டியர்', 'ட்ரெய்னீ' மூன்றிலும் கடைசி அசைதான் எழுகிறது. நம் பேச்சில் முதல் அசையை அழுத்துவது வழக்கமாகிவிட்டதால் இங்கே தனிப் பயிற்சி தேவை. இன்னும் சில விகுதிகள் சாது. '-நெஸ்', '-மென்ட்', '-லெஸ்', '-ஃபுல்', '-லி' எத்தனை வந்து சேர்ந்தாலும் பகுதியின் அழுத்தம் அசையாது. 'கேர்' என்ற ஓரசையோடு இரண்டு விகுதி சேர்ந்து 'கேர்லெஸ்னெஸ்' ஆனாலும் குரல் எழுவது 'கேர்' என்ற இடத்தில்தான்.

இந்த மூன்று கூட்டத்தையும் கண்ணால் பார்க்க ஒரு வழி இருக்கிறது. சாத்தூர், சிவகாசிப் பக்கம் காலித் தீப்பெட்டிக்கா பஞ்சம்? ஒவ்வொரு அசைக்கும் ஒரு பெட்டி. அழுத்தமில்லாத அசைக்குப் பெட்டியைப் படுக்க வையுங்கள், அழுத்தமுள்ள அசைக்கு நிமிர்த்தி வையுங்கள். 'இண்டஸ்ட்ரி' மூன்று பெட்டி, முதல் பெட்டி நிற்கும். 'இண்டஸ்ட்ரியல்' நான்கு, இரண்டாவது நிற்கும். 'இண்டஸ்ட்ரியலைசேஷன்' ஏழு, ஆறாவது நிற்கும். விகுதி சேரச் சேர நிற்கும் பெட்டி வலப்பக்கம் நடந்து போவதைப் பிள்ளைகள் கையாலேயே உணர்வார்கள். நாக்கு தடுக்கும் சொல்லைக் கடைசியிலிருந்து கட்டச் சொல்லுங்கள்: 'சேஷன்', 'லைசேஷன்', 'ட்ரியலைசேஷன்' என்று முன்னோக்கிக் கூட்டிக்கொண்டே வந்தால் முழுச்சொல் தானாக வாயில் உட்காரும்.

விதி தப்பும் இடமும் வரும். அலுமினியம் பவுடர் இல்லாமல் இந்த வட்டாரத்தில் ஒளி இல்லை. அந்தச் சொல்லைப் பிரிட்டிஷார் ஐந்து அசையாக, மூன்றாவதை அழுத்திச் சொல்கிறார்கள். அமெரிக்கர்கள் ஓர் 'ஐ' குறைத்து நான்கு அசையாக, இரண்டாவதை அழுத்திச் சொல்கிறார்கள். வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி 1812இல் எழுதியது அமெரிக்கர்கள் வைத்துக்கொண்ட வடிவத்தைத்தான்; சோடியம், பொட்டாசியம் வரிசையோடு ஒத்துப்போகட்டும் என்று பிரிட்டனில் 'இயம்' சேர்ந்தது. எது சரி என்று பிள்ளை கேட்டால் இரண்டும் சரி என்று சொல்லிக் காரணத்தையும் சொல்லுங்கள்.

அழுத்தத்துக்காக இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்ற கேள்வி நியாயமானது. அறிஞர்களே ஒருமித்துப் பேசவில்லை. ஆர். கே. பன்சால் 1960களில் இந்தியர்களின் ஆங்கிலம் வெளிநாட்டவருக்கு எவ்வளவு புரிகிறது என்று ஆராய்ந்தபோது, புரியாமல் போவதற்கான முக்கியக் காரணங்களில் ஒன்றாகச் சொல்லழுத்தம் இடம் மாறுவதைக் கண்டார். ஜெனிஃபர் ஜென்கின்ஸ் 2000இல் வெளியிட்ட நூலில், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் தங்களுக்குள் பேசும்போது சொல்லழுத்தம் அவ்வளவு தேவையில்லை என்று வாதிட்டார். ஜான் ஃபீல்ட் 2005இல் சோதித்துப் பார்த்தபோது, அழுத்தம் வலப்பக்கம் தள்ளிப்போனால்தான் கேட்பவர் அதிகம் தடுமாறுகிறார் என்று தெரிந்தது. மூவரையும் சேர்த்துப் படித்தால் வகுப்புக்கு ஒரு வழி கிடைக்கும். லண்டன்காரர் மாதிரி பேசவைப்பது உங்கள் கடமை அல்ல. மதுரைக்கோ மும்பைக்கோ நேர்முகத் தேர்வுக்குப் போகும் பிள்ளை சொன்ன சொல் அந்தப் பக்கம் போய்ச் சேர வேண்டும். அந்த அளவு போதும். தமிழ் வாய்க்கு எங்கே சிக்கும் என்று தெரிந்துகொள்ள, தி. பாலசுப்ரமணியன் இந்திய மாணவர்களுக்கென்றே எழுதி 1981இல் வெளிவந்த ஆங்கில ஒலியியல் பாடநூலை மேசையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊர் சின்னது, வீட்டில் ஆங்கிலம் இல்லை என்று தயங்கும் பிள்ளைக்குச் சொல்ல ஒரு பெயர் உண்டு. 1869இல் வலங்கைமானில் ஏழைப் புரோகிதர் வீட்டில் பிறந்த வி. எஸ். ஸ்ரீனிவாச சாஸ்திரி, கும்பகோணத்தில் படித்து, பள்ளி ஆசிரியராக வாழ்க்கையைத் தொடங்கி, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியர் ஆனவர். பின்னாளில் அவருடைய ஆங்கிலப் பேச்சைக் கேட்ட ஆங்கிலேயர்கள் அவரை வெள்ளி நாக்கு படைத்தவர் என்றார்கள். உச்சரிப்பில் அவர் காட்டிய கவனம் ஊரறிந்தது. அந்த நாக்கு வகுப்பறையில் பழகிய நாக்கு என்பதைப் பிள்ளைகளும் தெரிந்துகொள்ளட்டும்.

அச்சுத் தொழிலுக்குப் போகப்போகும் பிள்ளைகளுக்கு இன்னொரு பாடம் காத்திருக்கிறது. வரி முடிவில் நீளச் சொல்லை எங்கே உடைப்பது? தமிழில் பத்திரிகைகள் ஏறக்குறைய எந்த எழுத்திலும் உடைக்கின்றன. ஆங்கிலத்தில் கண்ட இடத்தில் உடைத்தால் பொருள் கெடும். பழங்கதையைக் குறிக்கும் 'லெஜெண்ட்' தவறாக உடைந்தால் முதல் வரியில் 'லெக்', அடுத்த வரியில் 'எண்ட்'; காலும் முனையும் என்று வாசகர் திகைப்பார். பிரிட்டிஷ் மரபு சொல்லின் வேரைப் பார்த்து உடைக்கும், அமெரிக்க மரபு ஒலியைப் பார்த்து உடைக்கும். அறிவைக் குறிக்கும் 'நாலெட்ஜ்' லண்டன் அச்சகத்தில் ஓர் இடத்திலும் நியூயார்க் அச்சகத்தில் வேறோர் இடத்திலும் உடைவது அதனால்தான். 1983இல் ஸ்டான்ஃபோர்டில் ஃபிராங்க் லியாங் என்ற மாணவர், கணினியே சொற்களை உடைப்பதற்கான முறையைத் தன் முனைவர் பட்ட ஆய்வாகச் செய்தார். அந்த ஆய்வேட்டின் தலைப்பிலேயே சொற்களைக் கோடு போட்டு உடைத்துக் காட்டியிருந்தார். சிவகாசி அச்சகத்தின் கணினியில் இன்று ஆங்கிலச் சொல் தானாக உடைகிறதென்றால் அதன் பின்னால் இப்படிப்பட்ட உழைப்பு இருக்கிறது. அகராதியில் சொல்லுக்கு நடுவே தெரியும் புள்ளிகள் பல நேரம் அச்சுக்காரர் உடைக்க வேண்டிய இடத்தையே காட்டும். வாய் பிரிக்கும் அசையை அல்ல. பிள்ளைகள் அகராதி பார்க்கத் தொடங்கும்போது இதைச் சொல்லிவிடுங்கள்.

உறுப்பும் அசையும் மோதிக்கொள்ளும் இடத்துக்கு 'ஹெலிகாப்டர்' நல்ல சான்று. எல்லோரும் அதை 'ஹெலி', 'காப்டர்' என்று வெட்டுவார்கள். கிரேக்க வேரின்படி அது 'ஹெலிகோ' என்ற சுழலும், 'ப்டெர்' என்ற சிறகும். மக்கள் வேறு இடத்தில் வெட்டினார்கள். அந்த வெட்டிலிருந்தே 'ஹெலிபேட்' பிறந்துவிட்டது. வெட்டத் தெரியாமல் வெட்டினாலும் மொழி அதைச் சேர்த்துக்கொண்டு வளரும் என்று பிள்ளைகள் கண்டு ரசிக்கலாம்.

ஆங்கில அகராதிகளில் ஆக நீளமான சொல் எது என்று எந்த வகுப்பிலும் ஒரு பிள்ளை கேட்கும். 45 எழுத்து, 19 அசை. 1935இல் அமெரிக்கப் புதிர் ஆர்வலர் சங்கத்தின் தலைவர் எவரெட் ஸ்மித் வேண்டுமென்றே நீளமாகக் கட்டிய சொல் அது. பயமுறுத்தப் பயன்படுத்தாமல் பிரித்துக் காட்டுங்கள்: நிமோனோ, அல்ட்ரா, மைக்ரோஸ்கோபிக், சிலிகோ, வால்கேனோ, கோனியோசிஸ். நுரையீரல், மிகையான, நுண்ணோக்கிக்கே தெரியும், சிலிக்கா, எரிமலை, தூசு நோய். ஆறு உறுப்பு. எரிமலைத் தூசு நுரையீரலில் படிவதால் வரும் நோய் என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். மருத்துவர்கள் சுருக்கமாக 'சிலிகோசிஸ்' என்பார்கள். தூசு மூக்கில் ஏறும் வேலை எது என்று தெரிந்த பிள்ளைகளிடம் இந்தப் பாடம் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. அவர்கள் பேச விரும்பினால் பேச விடுங்கள்.

உங்கள் ஊரில் வெடிக்காத சொற்களும் நிறைய உண்டு. வைப்பாற்றங்கரையில் விஜயகரிசல்குளத்தில் 2022இல் தமிழ்நாடு தொல்லியல் துறை குழி போடத் தொடங்கியது. சங்கு வளையலும் மணிகளும் சுடுமண் உருவங்களும் வெளியே வந்தன. 'எக்ஸ்கவேஷன்' என்ற சொல்லைப் பிரித்தால் வெளியே எடுத்துப் பள்ளமாக்குதல், அழுத்தம் 'வே'யில். நம் 'அகழாய்வு' அகழ்தலையும் ஆய்தலையும் ஒட்டிய கூட்டு. 'டெரகோட்டா' இத்தாலியச் சொல். 'டெரா' மண், 'கோட்டா' சுட்டது. சுடுமண் என்பதும் அதே இரண்டு துண்டுதான், வரிசை மட்டும் திரும்பியிருக்கிறது. இரண்டு மொழிக்காரர்கள், ஒருவரை ஒருவர் கேட்காமல், ஒரே பொருளைப் பார்த்து ஒரே மாதிரி சொல் கட்டியிருக்கிறார்கள்.

முதல் வாரத்துக்கு இவ்வளவு போதும். திங்கட்கிழமை காலித் தீப்பெட்டிகளைக் கொண்டுவரச் சொல்லுங்கள். செவ்வாய்க்கிழமை லேபிள்களிலிருந்து ஆளுக்கு ஒரு நீளச் சொல். புதன்கிழமை அகழாய்வுக் குழி: 'ஆர்க்கியாலஜி'க்கு ஐந்து பெட்டி, மூன்றாவது நிற்கும், 'ஆர்க்கியாலஜிஸ்ட்'டுக்கும் அப்படியே, 'ஆர்க்கியலாஜிக்கல்' என்றதும் பெட்டி ஆறாகி, நான்காவது எழுந்து நிற்கும். வியாழக்கிழமை வேதியியல் டீச்சரையும் கூட்டிக்கொண்டு குளோரைடையும் குளோரேட்டையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். வெள்ளிக்கிழமை டேங்கர் லாரி. பிள்ளைகள் நான்கு பெட்டியை அடுக்கி இரண்டாவதை நிமிர்த்தி வைத்த பிறகு, அந்த 'இன்' எந்த 'இன்' என்று கேளுங்கள். விடையை நீங்கள் சொல்ல வேண்டாம். பெட்டிகளைப் பார்த்துக்கொண்டே அவர்கள் கொஞ்ச நேரம் சண்டை போடட்டும்.